லாரியிலிருந்து தெறிக்காத கல்

என் பிக்கப் வண்டியின் முன் கண்ணாடியை உடைத்தது என் கொழுந்தன். ஜாக்கி சுற்றும் இரும்புக் கம்பியால், பட்டப்பகலில், என் கண்ணெதிரில், என் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க உடைத்தான். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

வண்டி என் வீட்டுக்காரருடையது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு போய்க் காலாப்பட்டுப் பக்கத்து மெஸ்களுக்குப் போடுவார். அவர் நெஞ்சுவலியில் போன பிறகு வண்டி நாலு மாதம் வாசலில் தூசி படிந்து நின்றது. டிரைவர் வைத்துப் பார்த்தேன், ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியில் நானே கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். அடுத்த வாரம், "யக்கா, கொஞ்சம் பின்னால வாங்க" என்று கைகாட்ட ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டுக்குப் பழகிவிட்டது. கொழுந்தனுக்குத்தான் பழகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். "அது அண்ணன் வண்டி. நீங்க அத்த ஓட்டிகினு ஆம்பளைங்க நடுவுல போயி நிக்கிறது நல்லாவா இருக்குது அண்ணி? சாவியக் குடுங்க" என்றான். தரமாட்டேன் என்றேன். திரும்பக் கேட்டான். திரும்பவும் அதையே சொன்னேன். வண்டிக்குப் பின்னால் போனவன் கம்பியோடு வந்தான். ஒரே அடி. கண்ணாடி கொட்டவில்லை. ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராகக் குழிந்து, ஓரம் வரைக்கும் வெள்ளைவெள்ளையாக விரிந்து நின்றது.

அவன் போனதும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதம்மா. அவனுக்குப் பொண்ணு பாத்துகினு இருக்கோம். லாரிலேருந்து கல்லு தெறிச்சுடுச்சின்னு சொல்லிடு. எனக்காவ."

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் தோழி வீட்டிலிருந்து வந்த மகளிடமும், "காலாப்பட்டுகிட்ட நேத்து லாரிலேருந்து கல்லு வந்து அடிச்சிதுடி, இன்னிக்கி இப்படி விரிஞ்சிகிச்சி" என்றேன். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். அவள் அப்பா போன பிறகு பரீட்சைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தது அவன்தான். அதையும் நினைத்துத்தான் சொன்னேன்.

பழைய மாடல் என்பதால் எந்தக் கடையிலும் கண்ணாடி இல்லை. மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. மெஸ்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கண்ணாடிக்காரர், விழுப்புரத்தில் உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி, சாக்கில் சுற்றி வாசலுக்கே கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். எப்படி உடைந்தது என்று கேட்டார். லாரி, கல் என்றேன். அவர் விரலால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார்.

"கல்லு பட்டா சின்னதா ஒரு பொட்டு இருக்கும்மா. இது இரும்பு" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல், கத்தியால் பழைய ரப்பரை அறுக்க ஆரம்பித்தார்.

புதுக் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்துக்குள் கயிறு விட்டு, சோப்புத் தண்ணி தடவினார். வெளியிலிருந்து ஒருவர் அழுத்த வேண்டும். உள்ளேயிருந்து இரண்டு முனையையும் இழுத்தால் ரப்பர் வண்டியின் விளிம்பில் ஏறி உட்காரும். அவருடைய ஆள் அன்று வரவில்லை. சரியாக அந்த நேரத்தில் கொழுந்தன் வந்து சேர்ந்தான். மாமியார் சொல்லி அனுப்பியிருப்பார். "நான் புடிக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான். எதிர்வீட்டு அம்மா, "கூடப் பொறந்தவன் மாதிரி வந்து நிக்குது பாரு" என்று என் காதுபடச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் ஒரு பக்கமும் நான் ஸ்டியரிங் பக்கமும் உட்கார்ந்து கயிற்றை இழுத்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், அவன் முகம். இரண்டு உள்ளங்கையையும் பரப்பி முழு பலத்தோடு அழுத்தினான். அவன் ஒரு தடவைகூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை. கயிறு என் விரலை அறுத்தது. விட்டால் கண்ணாடி போய்விடும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன்.

வேலை முடிந்தது. மகள் டீ கொண்டுவந்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிமே பாத்து ஓட்டுங்க அண்ணி. காலாப்பட்டு ரோட்ல லாரி ஜாஸ்தி" என்றான்.

"லாரி எங்க இருந்துச்சு? நீதான கம்பியால அடிச்ச?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மகளைப் பார்த்து, "அண்ணன் போனதுலேருந்து உங்கம்மாக்கு மனசு சரியில்ல. நீதாம்மா பாத்துக்கணும்" என்றான்.

நான் மாமியாரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க அத்தே."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கல்லு தெறிச்சுதுன்னு நீதான வந்து சொன்ன" என்றார்.

கண்ணாடிக்காரர் தலை நிமிராமல் கத்தியையும் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு வண்டிய தண்ணி ஊத்திக் கழுவாதீங்கம்மா. டீ வேணாம், இன்னொரு எடத்துக்குப் போவணும்" என்று கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரியும். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அது அவர் வீட்டு விவகாரம் இல்லை.

அன்று சமையலறையில் மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சித்தப்பா அடிச்சது உண்மைன்னா, அன்னிக்கி ஏம்மா எங்கிட்ட மாத்திச் சொன்ன?"

பாட்டி சொல்லச் சொன்னார் என்றேன். பாட்டி இல்லை என்கிறாரே என்றாள்.

ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. மாமியார் அவனோடே போய்விட்டார். மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போய், மூன்று நாள் தங்கிவிட்டு வந்தாள். நான் போகவில்லை. அந்த மூன்று நாளும் மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய மெஸ்களில் இரண்டு திரும்பக் கிடைத்திருந்தன. திரும்பி வந்த மகள் கல்யாண போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். சித்தப்பா வரும் படத்தை மட்டும் விரலால் வேகமாகத் தள்ளிவிட்டாள். என்னை நம்பியதால் தள்ளினாளா, எனக்கு வலிக்குமே என்று தள்ளினாளா தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.