லயத்து ஜன்னலின் அளவு

எனக்குக் கை சும்மா இருக்காது. அது குணமா வியாதியா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நான் குரோஷா ஊசியால் உறை போடாதது எது என்று பார்த்தால் அடுப்பும் மாமியாரும்தான். மிக்சிக்கு உறை, டி.வி.க்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, தண்ணீர்க் குடத்துக்கு மூடி. என் வீட்டுக்காரர் ஓட்டும் ஜீப்பின் கியர் குமிழுக்குக்கூட ஒரு சிவப்புக் குல்லாய் மாட்டிவிட்டேன். "ஏ புள்ள, நான் கொஞ்சம் அசந்து நின்னா எனக்கும் ஒண்ணு மாட்டிருவ போலயே" என்றார். தலையளவு தெரிந்திருந்தால் மாட்டியிருப்பேன்.

மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்தோம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு. என் மாமியார், அதாவது அத்தை, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார் என்பதற்காகக் கம்பெனி கொடுத்த வீடு. மழை ஓயும்போது அத்தைக்கு ஓய்வு வயசாகி வேலை முடிகிறது. அதற்குள் வீட்டிலிருந்து ஒருவர் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அவர் மகன், என் வீட்டுக்காரர், ஜீப் ஓட்டப் போய்விட்டார். மிச்சம் நான்தான்.

எனக்குப் போக மனசில்லை. என் அம்மாவும் கொழுந்துக்குப் போனவள். அட்டை கடித்த காலோடு இருட்டிய பிறகு வந்து, ஈரத்துணியைக்கூட மாற்றாமல் அடுப்பு மூட்டுவாள். லயத்தில் பிறந்து லயத்துக்கே வாழ்க்கைப்பட்டவள் நான். அதே சரிவில் என் ஆயுசையும் நிறுத்த வேண்டுமா? ஆனால் அத்தையைத் தெருவில் நிறுத்த மட்டும் மனசு வருமா? அதுவும் வரவில்லை. பகலெல்லாம் முன்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். இருப்புக் கொள்ளாமல்தான் ஊசியைக் கையில் எடுத்தேன்.

போனில் வீடியோ பார்த்துப் பழகியது. முகம் தெரியாத யாரோ ஒருத்தி, கை மட்டும் தெரியும், என்ன பாஷை என்றும் தெரியாது. கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். உண்மையில் சுலபமான வேலை. முதலில் ஒரு முடிச்சு, முடிச்சிலிருந்து சங்கிலி. திரும்பி வரும்போது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஒரு வரிசை ஆயிற்று. நூலை இறுக்காமல் விட்டுப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்கு வராது. சூப்பர்வைசர் எங்கள் வாசல் பக்கம் நடந்து போனாலே கை தானாக இறுக்கிவிடும். அன்றைக்குப் போட்ட வட்ட விரிப்பு படியாது, கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கும். அப்படிக் குவிந்ததை எல்லாம் அத்தை எடுத்து வெற்றிலை வைத்துக்கொள்வார். "பதறாத காரியம் சிதறாதுட்டி" என்பார்.

எங்கள் ஜன்னலில் நான் போட்டிருந்த வெள்ளைத் திரையைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒன்று கேட்டார். அப்புறம் கீழ் லயத்திலிருந்து கேட்டார்கள், அப்புறம் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து லயத்திலிருந்து. யாரிடமும் அளவு கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? எல்லா லயமும் ஒரே அச்சில் வார்த்தது. ஒரே கதவு, ஒரே அலமாரிப் பலகை, ஒரே ஜன்னல். என் வீட்டு ஜன்னலில் பிடித்துப் பார்த்துச் சரியாக இருந்தால் மலை முழுக்கச் சரியாக இருக்கும். டேப் என்ற ஒரு பொருள் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்தச் சிவப்புக் குல்லாய்தான் ஆரம்பம். காந்தலூரில் ஒரு ஹோம்ஸ்டேக்கு வீட்டுக்காரர் சவாரி கொண்டுபோய் விட்டபோது, அந்த வீட்டு அக்கா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார். யார் போட்டது என்று விசாரித்து எனக்கே போன் செய்தார். "முன் ரூம் ஜன்னலுக்கு ஒரு திரை போட்டுக் கொண்டா. பிடிச்சிருந்தா எல்லா ரூமுக்கும் உன்கிட்டயே குடுக்கேன்."

எல்லா ரூமுக்கும். எனக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. காந்தலூரில் வாடகைக்கு ஒரு வீடு இருப்பதாக வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாடகைக்கு எங்கே போவது என்று நான்தான் வாயை அடைத்திருந்தேன். இந்தத் திரை அந்த அக்காவுக்குப் பிடித்துவிட்டால் வாடகைக்கு வழி உண்டு, பேர் கொடுக்க வேண்டாம், அத்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அன்றைக்கே மூணாறு கடைக்குப் போய் நூல் வாங்கி வந்துவிட்டேன்.

மழை விடவே இல்லை. நூல் ஈரம் வாங்கி ஊசியில் ஒட்டியது. உட்கார்ந்து போட்டேன், நின்று போட்டேன், உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு வரிசை போட்டேன். சூப்பர்வைசர் குடையை மடக்காமலே வாசலில் நின்று, "என்ன, பேர் குடுக்கிறியா இல்லையா? உங்க அத்தைக்கு நாள் நெருங்குது" என்பார். "சொல்றேன் சார்" என்பேன். பக்கத்து வீட்டு அக்கா தினமும் ஒரு பாட்டு. "குடியிருக்க எடம் போகப் போகுது, இவ நூலைக் கட்டிக்கிட்டு அழுவுறா."

அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் வேலை முடிந்து வந்து, இடுப்புச் சாக்கை உதறிப் போட்டுவிட்டு, அடுப்பில் கையைக் காட்டியபடி, "எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்பார். நான் திரையை எங்கள் ஜன்னலில் பிடித்துக் காட்டுவேன். ஒரு நாள் நடுக்கம்பி வரைக்கும் வந்தது. ஒரு நாள் கீழ்க்கட்டையைத் தொட்டது. "அப்ப முடிஞ்சிட்டு" என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் புறப்பட்டோம். அத்தையும் ஏறிக்கொண்டார். மறையூர் தாண்டியதும் மழை நின்றே போனது. காந்தலூரில் வெயில் சுள்ளென்று அடித்தது, பூண்டு காயப்போட்டிருந்தார்கள். எனக்கு மடியிலிருந்த பையை விட்டுக் கை எடுக்க முடியவில்லை.

அந்த அக்கா எங்களை முன் ரூமுக்குக் கூட்டிப் போனார். ஜன்னலைப் பார்த்ததும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. முழங்கால் உயரத்தில் ஆரம்பித்துக் கூரைக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. அகலமோ, எங்கள் வீட்டு முன்சுவரே அவ்வளவுதான் இருக்கும். கம்பி கிடையாது, ஒரே கண்ணாடி. அந்தப்பக்கம் மலையும் தோட்டமும் அப்படியே உள்ளே வந்து நின்றன.

என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறித் திரையைப் பிடித்தார். பெரிய மனுஷிக்குக் குழந்தைப் பாவாடையைக் கட்டியது போல ஒரு மூலையில் தொங்கியது.

"இது எந்த ஜன்னலுக்கும்மா?" என்றார் அக்கா. கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அத்தைதான் சொன்னார்: "எங்க ஜன்னலுக்குங்க."

"அளவு கேக்காமயா போட்ட? சரி, வச்சிட்டுப் போ, வேற எதுக்காவது ஆகும்" என்றார் அக்கா. அந்த இரக்கம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டாங்கக்கா என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அத்தை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன், நகரவில்லை. மறுபடி கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

ஜீப் இறங்கத் தொடங்கியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கே பேர் குடுத்துர்றேன் அத்தை. எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றேன்.

"யாரு உன்கிட்ட பேர் கேட்டா?"

"வீடு போயிருமே."

"போனாப் போவுது. அதென்ன எங்க அப்பன் குடுத்த சீதனமா?" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏட்டி, ஒலகத்துல எல்லா ஜன்னலும் நம்ம ஜன்னல் அளவுதான்னு நெனச்சிட்டேல்ல? நானும் அப்படித்தான் நெனச்சேன், அந்தப் பொம்பளை ரூமுக்குள்ள போற வரைக்கும். எனக்கு வயசு போச்சு. நீ பேர் குடுக்காத."

வீட்டுக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, மறையூரில் டீக்கடை ஓரமாக ஜீப்பை நிறுத்தினார். மூன்று பேரும் வடை தின்றோம்.

மறுநாள் காலை திரையைப் பிரித்தேன். ஒரு நுனியை இழுத்தால் போதும், குரோஷா வேலை அத்தனையும் சரசரவென்று நூலாகிவிடும். அத்தை எதிரில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டார். சுருண்டு போன நூலை அலசி, கல் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். முதலில் ஒரு டேப் வாங்கினேன். அதே நூலோடு இன்னும் நூல் சேர்த்து, அளந்து, இறுக்காமல், மறுபடி போட்டுக் கொண்டுபோனேன். அந்த அக்காவுக்குப் பிடித்துப்போனது, ஆனால் எல்லா ரூமும் கிடைக்கவில்லை. இன்னொரு ரூமுக்குச் சொன்னார், மிச்சத்தைப் பார்க்கலாம் என்றார். அந்த "பார்க்கலாம்" என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

லயத்து வீட்டை ஒழித்துக் கொடுத்த அன்று ஜன்னலில் கிடந்த அந்த வெள்ளைத் திரையை மட்டும் கழற்றவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு அது பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது.

காந்தலூர் வாடகை வீட்டில் ஒரு ஜன்னல் மாதிரி இன்னொன்று இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டேப்பும் கையுமாகச் சுற்றினேன். அத்தை முன்பு தோட்டத்துக்குப் போன நேரத்துக்கே விழித்துக்கொள்வார். போக இடமில்லாமல் முன்னறைப் பெரிய ஜன்னலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு காலை அந்த ஜன்னலை அளக்கப் போனேன்.

"இதுக்கு ஒண்ணும் போடாதட்டி."

"வெயில் மூஞ்சியில அடிக்குமே அத்தை."

"அடிக்கட்டும். இத்தன வருசம் பாக்கல. கொஞ்ச நாள் பாத்துக்கிடுதேன்."

டேப்பைச் சுருட்டினேன். கை ஊறியது. ஜன்னலுக்கு வேண்டாம் என்றால் அந்த ஸ்டூலுக்காவது ஓர் உறை போடலாம் என்று பார்த்தேன். அளவெடுக்க அவரை எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.