ரொட்டி பாய் படித்த செய்தி

கறுப்பு ரப்பர் உருண்டை வைத்த பழைய ஹோன் அது. 'போங் போங்' என்று கேட்டால் மணி ஏழு. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து ரொட்டி விற்கும் ரொட்டி பாயின் மோட்டார் சைக்கிள் ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிட்டது என்று பொருள். வாசலில் அரசமரத்தடி அம்மனுக்குப் பூசை நடந்தால் மட்டும் அதை அமுக்க மாட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து, ஓரமாகக் காத்திருப்பார். "சாமிக்கும் ரொட்டிக்கும் சண்டை வேணாம்லா" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். திருவிழா நோட்டீஸ் எல்லாம் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். போன வருடம் ஒரு மழைநாள் காலையில் அம்மனின் சூலம் இடத்தைவிட்டுப் பெயர்ந்து மரத்தில் சாய்ந்திருந்தது. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடியது. "தம்பி, நல்லா சூடா எழுது" என்றார்கள். எழுதினேன். நம் தாயின்மேல் கை வைத்துவிட்டார்கள், சும்மா இருப்பது பாவம், அந்தக் கையை முறிப்பதும் வழிபாடுதான் என்று. உண்மையில் எனக்கு யார்மேலும் கோபமில்லை. சாமியின் பெயரைப் போட்டதும் எப்பேர்ப்பட்ட வார்த்தையும் சுத்தமாகிவிட்டது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். படிக்கத் தெரியாத அம்மா, பக்கத்து வீட்டு அக்காவை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "என் மவன் எழுதுனதுலா!"

மதியத்துக்குள், விடிகாலையில் ரொட்டி பாய் சூலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று மூன்றாம் மாடிக்காரர் கீழே கூடியிருந்த எங்களிடம் சொன்னார். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று ஒரு வரி நான் போட்டிருக்கலாம். கைப்பேசி கையில்தான் இருந்தது. வந்து குவியும் பாராட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான்கு பேர் அவரை முச்சந்தியில் மறித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அடித்தவர்களில் ஒருவன் என்னிடமே வந்தான். "சாமிக்காகத்தான் செஞ்சோம் அண்ணே. நீங்கதான எழுதுனீங்க?"

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்தில் இருந்த அவர் அறைக்கு, உண்மையைச் சொல்லத்தான் போனேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "பேக்கரிக்குப் போற வழியில பாத்தேன் தம்பி. சூலம் சேத்துல கெடந்துச்சு. யாரும் மிதிச்சிடக் கூடாதேன்னு எடுத்துச் சாத்தி வெச்சேன்."

பிறகு இடக்கையால் கைப்பேசியைத் துழாவி எடுத்தார். ரொட்டிக்குச் சொல்லிவைக்க வசதியாக இருக்குமென்று அவரையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தோம். நாங்கள் எல்லோரும் அதை மறந்துபோயிருந்தோம்.

"இது எனக்கும் வந்துச்சு. படிச்சிட்டு, எந்தப் பாவி பண்ணான்னு எனக்கே ஆத்திரமா வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நம்பர் மட்டும்தான் இருக்கு. யாரு தம்பி?"

"தெரியல பாய்" என்றேன்.

அடுத்த மழையிலும் சூலம் விழுந்தது. அரசமரத்து வேர் அடியிலிருந்த சிமெண்டைப் பிளந்திருந்தது. அந்த முறை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

பாய் யார்மீதும் புகார் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டுக்கே போய்விட்டார் என்கிறார்கள். குழுவில் அவர் எண் மட்டும் இருக்கிறது. முன்பெல்லாம் ஏழு மணிக்கு ஹோன் கேட்காவிட்டால், கீழே பூசை நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். இப்போது எந்த நாளும் கேட்பதில்லை.