அப்பா தும்மாத பயணம்

நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் ஒரு போட்டி வைத்தால், முதற்பரிசு ஏழு வயதில் செய்ததற்குத்தான். குடும்பத்தோடு சாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், நான் பின்சீட்டில் இருந்து கைதட்டினேன்.

அன்று பாசல் நகரில், பெரியபிள்ளையான மச்சாளுக்குச் சாமத்தியவீடு. எங்கள் ஊரான ஓஸ்டர்முண்டிகனில் இருந்து நல்ல நேரத்துக்குள் புறப்பட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வசந்த காலத்துக்கு அந்தக் கட்டளை எட்டவில்லை. எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் பேர்ச் மரங்கள் பூத்து மகரந்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த மாதங்களில் அப்பாவின் மூக்கு அவர் சொல்வதைக் கேட்காது.

கதவைத் திறந்தார், தும்மினார். ஒற்றைத் தும்மல். புறப்படும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் எங்கள் வீட்டில் எவரும் படி தாண்டக் கூடாது. திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்தோம். மறுபடி கதவு, மறுபடி தும்மல், மறுபடி தண்ணீர். நான் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன்.

"இந்த மூக்கை வைச்சுக்கொண்டு பாசலென்ன, லிஃப்ட் வாசலுக்கும் போய்ச்சேர மாட்டம்" என்றார் அம்மா.

பிறகு அலுமாரியைக் கிண்டி, யாரோ எப்போதோ கொடுத்த ஒவ்வாமைக் குளிசையை எடுத்துவந்தார். பெட்டிக்குள் இருந்த தாளில் மூன்று மொழிகளில் எச்சரித்திருந்தார்கள். வாசிக்க நேரமில்லை; நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது.

"ஒண்டு காணும்" என்றார் அப்பா.

"நல்ல காரியத்துக்குப் போறம். ரெண்டாப் போடுங்கோ."

குளிசை வேலை செய்தது. அப்பா தும்மவே இல்லை. வென்ற களிப்பில் முன்சீட்டில் ஏறிய அம்மா, பாசல் மாமிக்கு "ஓம், வெளிக்கிட்டிட்டம்" என்று போனில் தொடங்கிய கதையை விடவேயில்லை. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் மஞ்சள் பூ வயல்கள். காருக்குள் இதமான வெயில்.

எனக்குப் பொழுது போகவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. கார் ஓடிக்கொண்டிருந்தது.

அடடா, இந்த மனிதரிடம் இப்படி ஒரு வித்தை இருக்கிறதா! கண் திறந்தது, மூடியது, பிறகு மூடியே இருந்தது. அப்போதுதான் கைதட்டினேன். "அம்மா, அப்பாவைப் பாருங்கோ!"

"சத்தம் போடாதை, மாமி கதைக்கிறா."

கார் ஓரக்கோட்டில் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். அப்படி ஓர் அலறலை அதற்கு முன்னும் பின்னும் நான் அவரிடம் கேட்டதில்லை. போனை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். ஓரத்தில் பழுதாகி நின்ற ஒரு லொறி என் ஜன்னலை உரசுவதுபோலக் கடந்து போனது. அதன் சில்லில் காய்ந்திருந்த சேற்றைக்கூடப் பார்த்தேன்.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தினார்கள். இனி அம்மாவின் ஏச்சு தொடங்கும் என்று காத்திருந்தேன். அவரோ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு காருக்கு வெளியே நின்றார். அப்பா நின்றுவிட்ட காரின் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்த போனுக்குள் மாமி மட்டும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

இவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வித்தை நன்றாகத்தானே போனது? ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லாமல்தான் அப்பா வாடிப்போனார் என்று நினைத்து, சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினேன்.

"அப்பா, கண்ணை மூடிக்கொண்டு ரோட்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"தெரியேல்லை."