எட்டுப் பேர் இருக்கும் கப்பல்

போர்வெல்லில் சிக்கிய மோட்டார்களை மேலே தூக்குவதுதான் அந்த அறந்தாங்கி மெக்கானிக்கின் தொழில். கிரீஸ் ஏறிய தடித்த விரல்கள். அவற்றால்தான், ஒரு காலத்தில் எட்டுப் பேரோடு கடலில் மூழ்கிப்போன நீர்மூழ்கியை முழநீளத் தகரத்தில் செய்திருந்தார். உள்ளே எட்டுப் பொம்மைகள். ஆளுக்கொரு நிறத்தில் சட்டை தீட்டியிருந்தார்.

அதைத் தண்ணீர்த் தொட்டியில் விடுமுன் நகத்தால் இருமுறை தட்டினார். ஏனென்று கேட்டேன்.

"உள்ள ஆளு இருக்குல்ல? சொல்லிட்டுத்தானே எறக்கணும்."

மூழ்கியதும், உள்ளே போட்ட சோடா உப்பும் எலுமிச்சை உப்பும் நுரைத்து அதை மேலே தூக்க வேண்டும். தூக்கவில்லை. அன்றைக்கு ஆறாவது முறை.

"நெசக் கப்பலும் முங்கித்தானே போச்சு? அப்ப இது சரிதானேங்க?" என்றேன்.

"அன்னைக்குத் தூக்க நான் இல்லீங்க" என்று சட்டைக் கையை மடித்து, கப்பலை வெளியே எடுத்தார்.

உப்பைக் கூட்டிப் போட்டு மறுபடி தட்டினார். ஏனோ, நானும் ஒருமுறை தட்டினேன்.