ஜாக்கெட்டோடு வந்த கவிதைக் கதை

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு ஏறும் வழியில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை செய்யும் தையல் கடை. உள்ளே இரண்டு மெஷின்கள். ஒன்று எனக்கு. மற்றது கடைக்குச் சொந்தக்காரிக்கு. ஐம்பதைத் தாண்டிய அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய் ஓயாது அவருக்கு. கீழே பாண் வேகும் வாசனை வரும்போது மட்டும் பேச்சை நிறுத்தி மூச்சை இழுத்துக்கொள்வார்.

நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து இறங்கியது. மண் சமையல் குசினிகளை மூடியதோடு நின்றுவிட்டது. மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கோழிகள்தான் போயின. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். பிறகு நானும் அம்மாவும் பதுளையில் ஒரு வாடகை அறைக்கு வந்துவிட்டோம்.

“மீரியபெத்தையில சனமே மண்ணுக்குள்ள போச்சு. உங்களுக்கு அப்புடி ஒன்னும் ஆகலையே, சாமிக்குத் தேங்கா ஒடைங்க” என்றார்கள் சொந்தக்காரர்கள். உடைத்தோம். ஆனால் தகரத்தில் மழை விழத் தொடங்கினால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை உதறும். நேராகப் போக வேண்டிய தையல் கோணிக்கொண்டு ஓடும். முன்பெல்லாம் கையில் கிடைத்த கதைப் புத்தகத்தை எல்லாம் வாசிப்பவள் நான். இப்போது ஒரு பந்தியின் பாதிக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். வாசிப்பையே விட்டுவிட்டேன்.

அக்காவிடம் ஒருமுறை சொன்னேன், ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு கிளினிக் இருக்கிறதாம், போய்ப் பார்க்கலாமா என்று.

“அது பைத்தியத்துக்குப் பாக்குற எடம்டி. அங்க போய் நின்னா நாளைக்கு யாரு ஒன்னைய கட்டுவா? மழைதானே, ரேடியோவைச் சத்தமா வச்சுக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நானும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒரு துணிப்பையைக் கொடுத்து, “ரெண்டு சட்டை தைக்க வேணும்” என்றார். அக்கா பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்துப் பார்த்துவிட்டு, “சட்டையா, ஜாக்கெட்டா?” என்று கேட்டார். “சாறிக்குப் போடுற சட்டை” என்றார் டீச்சர். “அப்ப ஜாக்கெட்டுன்னு சொல்லுங்க!” என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டீச்சர் போன பிறகு பையை உதறினால் ஒரு புத்தகம் விழுந்தது. தவறி அதற்குள் கிடந்திருக்கிறது. அக்கா திறந்து பார்த்துவிட்டு, “இது என்னடி, எந்த வரியும் கடைசி வரைக்கும் போகல? பாதித் தாளு சும்மா கெடக்கு” என்றார்.

கவிதையில் எழுதிய ஒரு நீண்ட கதை அது. வடக்கே ஒரு கடலோர ஊரில் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டுபோன ஒரு சின்னப் பெண், மலைநாட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வருகிறாள். வந்த நாளிலிருந்து பேசுவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் அவளே தன் கதையைச் சொல்கிறாள், எல்லாம் மனதுக்குள். நான் நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தேன். அடுத்ததையும் வாசித்தேன். சின்னச் சின்ன வரிகள். ஒன்று முடிந்ததும் நின்று மூச்சுவிட இடம் இருந்தது. வழி தவறவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் வாசிக்கிறேன் என்பதே நாலைந்து பக்கம் போன பிறகுதான் உறைத்தது.

“வாய்க்குள்ளயே படிக்காத. எனக்கும் கேக்குற மாதிரி படி” என்றார் அக்கா.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிப்பேன், அக்கா கொக்கி வைத்தபடி கேட்பார். கேட்பார் என்றா சொன்னேன்? சண்டை பிடிப்பார். அந்த அத்தையை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “புள்ள சாப்புடல, அது தெரியல, வாசல் கூட்டலன்னு கத்துறா! அவள இங்க கூட்டியா, நான் ரெண்டு வார்த்த கேக்கணும்” என்பார். புதுப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணிடம் எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்கும் இடம் வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். நானும் டவுனில் யார் கேட்டாலும் ஹாலிஎல என்று மட்டும்தான் சொல்வேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, மேல படி” என்றார்.

டீச்சர் ஜாக்கெட்டுக்கு வந்தார். புத்தகத்தில் பாதிகூட முடியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “நூல் கலரு கெடைக்கலங்க டீச்சர்” என்று ஒரு போடு போட்டார். அடுத்த வாரம் வந்தபோது கொக்கி தீர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த முறை டீச்சர் மெஷின் மேல் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

“நான் இதை வீடு முழுக்கத் தேடினன். என்ர சட்டை தைக்கேல்லை, ஆனா என்ர புத்தகம் வாசிச்சு முடியப்போகுது, என்ன?”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் கோபிக்கவில்லை. “எதுவரைக்கும் வந்திட்டீங்கள்?” என்று கேட்டார். நான் பக்கத்தைக் காட்டுவதற்கும் வெளியே மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. பதுளை மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. என் கை உதறத் தொடங்கியது. புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை.

“என்ன செய்யுது உங்களுக்கு?”

“மழை வந்தா அவளுக்கு இப்புடித்தான் டீச்சர். மண்ணு சரிஞ்சதுல இருந்து” என்றார் அக்கா.

டீச்சர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி, நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அந்தப் பெண்ணின் வார்த்தைகள் அவர் குரலில் அவ்வளவு இயல்பாக வந்தன. கடலோரத்துப் பிள்ளை அப்படித்தானே பேசும், நான்தான் இத்தனை நாளும் அவளைத் தோட்டத்துப் பிள்ளையாக்கி வைத்திருந்தேன். ஆனால் அத்தை பேசும் இடம் வந்ததும் எல்லாம் கெட்டது. மலைநாட்டு அத்தை யாழ்ப்பாணத்து ராகத்தில் “இங்கிட்டு வாங்க” என்றாள். அக்கா வெடித்துச் சிரித்தார். எனக்கும் உதறலோடு சேர்த்துச் சிரிப்பு வந்தது.

“அப்பிடியெண்டா நீங்கள் வாசியுங்கோ” என்று டீச்சர் புத்தகத்தை அக்கா பக்கம் நீட்டினார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு நாளும் திட்டித் தீர்த்த அத்தைக்கு இப்போது அவரே குரல் கொடுத்தார். அச்சு அசல் அத்தை! கீழே பேக்கரிக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் பெண்ணாகவும் அக்கா அத்தையாகவும் பக்கங்கள் ஓடின. நான் மெஷின் பலகையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருவர் அந்தப் பெண்ணை மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். அத்தை மறுக்கிறாள். அக்கா அந்த இடத்தை எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தார். பைத்தியம் என்று ஊர் சொல்லும், பிறகு யார் கட்டுவார்கள் என்று அத்தை கேட்கிறாள். அக்கா பாதி வரியில் நின்றுவிட்டார்.

“மிச்சத்தையும் வாசியுங்கோ” என்றார் டீச்சர்.

“இத நான் சொல்ல மாட்டேன் டீச்சர்.” அக்கா கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி, “ஒங்கிட்ட இதையேதான்டி நானும் சொன்னேன்” என்றார்.

“ரேடியோ வைக்கச் சொன்னீங்க, அத்தை அதுகூடச் சொல்லலக்கா” என்றேன். அவர் அழுவதா சிரிப்பதா என்று திண்டாடிக் கடைசியில் என் தோளில் ஓர் அடி வைத்தார்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “நான் அந்தக் கிளினிக்குக்குப் போறனான். சண்டை முடிஞ்சு எத்தினை வருசம் போனாலும் தீபாவளிக்கு வெடி கொளுத்தினா மேசைக்குக் கீழ போயிடுவன். பிள்ளையளுக்கு முன்னால கூட ஒருக்கா போயிட்டன். பேனை விழுந்திட்டுது எண்டு சொல்லிச் சமாளிச்சன். இப்ப எவ்வளவோ பரவாயில்லை.”

கணக்கு டீச்சர் மேசைக்கடியில் பேனா தேடுவதை நினைத்து அவரே முதலில் சிரித்தார். மழை விட்டபோது என் கை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று அக்கா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். வாசலில் இருந்த பெண், “கம கோஹெத?” என்று சிங்களத்தில் கேட்டாள். ஊர் எது என்கிறாள். ஹாலிஎல என்று தொடங்கிய நான் நிற்காமல் தோட்டத்தின் பெயரையும், டிவிசனையும், கீழ் லயம் என்பதையும் சொன்னேன். அவள் அவ்வளவும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

வரிசை நீளமாக இருந்தது. அக்காவால் சும்மா இருக்க முடியுமா? பக்கத்து பெஞ்சிலிருந்த மொனராகலை அம்மாவுக்குக் கடலோரத்துப் பெண்ணின் கதையைச் சொல்லத் தொடங்கினார். முன் பெஞ்சும் திரும்பி உட்கார்ந்தது. அவர் சொன்ன கதையில் அத்தை ரொம்ப நல்லவளாக மாறி, பிள்ளைக்குக் கோழிக் குழம்பு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் திருத்தப் போனேன். “நீ பேசாம இரு, நான்தானே அத்தை” என்றார்.

டாக்டர் என்னைப் பேச விட்டார். இது பைத்தியம் இல்லை, பயந்த உடம்புக்குப் பயம் முடிந்தது இன்னும் தெரியவில்லை என்றார். மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார், கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார். பெருமழைக்கு இன்னும் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மெஷினை நிறுத்தி, மூச்சை எண்ணி, மறுபடி மிதித்துவிடுகிறேன்.

புத்தகம் முடிந்தது. ஜாக்கெட்டுகளும் முடிந்தன. டீச்சர் சனிக்கிழமைகளில் தைக்க ஒன்றுமில்லாமலே வரத் தொடங்கினார். அடுத்த புத்தகத்தைத் தானே தெரிவு செய்வேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்து, கடைவீதியில் போய் ஆக மெல்லிசான கவிதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அதில் கதையே இல்லை. அம்மாவை இழந்த ஒருத்தி எழுதிய கவிதைகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தன. “ஏமாத்திட்டான்” என்று திட்டிவிட்டு, திங்கட்கிழமை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் படியேறும்போதே கடை திறந்திருந்தது. ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஆளு வந்து நிக்குறாங்க” என்றேன்.

தலையைத் தூக்காமலே கையை மட்டும் காட்டினார். “இருக்கச் சொல்லுடி. இந்தப் பொண்ணு இப்பதான் அம்மாவோட சீலைய மடிச்சுக்கிட்டு இருக்கா.”