காசிம் பாய் பார்த்த கொடுவா

இன்று காலை அரசலாற்று முகத்துவாரத்தில் ஜவுளிக்கடை காசிம் பாயின் தூண்டிலில் ஒரு கொடுவா மாட்டியது.

கால் மணி நேரம் இழுபறி. கரையருகே வந்து, தலையைத் தூக்கி ஒரு உதறு உதறியது. நூல் அறுந்தது.

தப்பிய மீன் டீக்கடைக்குப் போவதற்குள் வளர்ந்துவிடும். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின்னும் நம் தூண்டில் கூட்டத்தில் மாறாத வழக்கம் இது. போன வாரம் நான் விட்டதுகூட நாலு முழம்.

"எவ்வளவு பெருசுங்க பாய்?" என்று டீக்கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "தலைய மட்டுந்தாங்க பாத்தேன். ஒரு சாண் இருக்கும். மிச்சத்த அல்லாதான் அறிவான்" என்றார்.

இப்படியும் ஒரு தூண்டில்காரரா!

எனக்குத்தான் பொறுக்கவில்லை. காலையில் கரையில் பாய்க்குப் பக்கவாட்டில் நின்றதால் வால்வரை பார்த்திருந்தேன். "ரெண்டு முழம் இருக்குங்க! நான் பாத்தேன்!" என்றேன். சத்தியமான அளவு.

கடைக்காரர் சிரித்தார். "நீங்க சொன்னா பாதிதாங்க. ஒரு முழம்னு வச்சுக்குவோம்."

நான் சாட்சி சொன்னதில் பாயின் மீன் பாதியாகிவிட்டது.

போன வார மீன் ஒன்றரை முழம்தான். ஒப்புக்கொள்கிறேன். அடுத்து யார் உங்கள் மீனைக் குறைக்கிறீர்கள்?