எங்கள் சேஷய்யரின் பயங்கள்

இந்த ஆண்டு விழாவுக்கு ஜமக்காளத்தை நீளவாக்கில் விரிப்பதா, குறுக்குவாக்கில் விரிப்பதா என்ற பிரச்சினைக்கு எங்கள் சங்கத்தின் காரியக் கமிட்டி சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிவு கண்டது. நீளவாக்கில்தான் என்று தீர்மானமாயிற்று. ஓர் அங்கத்தினர் ஆட்சேபித்து எழுந்து வெளியே போனார். செருப்பை மறந்துவிட்டுப் போனதால் திரும்பி வந்தவர், தாம் திரும்பி வந்ததைச் சம்மதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விளக்கமும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டோம். அப்போதுதான் தெருக்கோடி வீட்டிலிருந்து ஆள் வந்து, சேஷய்யர் போய்விட்டார் என்று சொன்னான்.

உபதலைவர் பஞ்சு ஐயர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எப்படிடா?"

"தூக்கத்திலேயே."

"பயப்படாமப் போனானோ?" என்றார் பஞ்சு.

பரிகாசமில்லை. சேஷய்யரை வாழ்நாளெல்லாம் 'பேடிச் சேஷன்' என்று கூப்பிட்டவர் அவர். பயத்தைப் பேடி என்று சொல்லும் திருவனந்தபுரத்துத் தமிழ் நம்முடையது. அன்று அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

சேஷய்யரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. எங்கள் பேட்டையான ஸ்ரீவராகத்தில் அவருடைய பயங்களை அறியாத வீடு கிடையாது. இடிக்குப் பயம், இடி இடிக்காமல் மின்னினால் அதைவிடப் பயம். குளத்துப் படியில் பாசி இருந்தால் பயம்; பாசி இல்லாவிட்டால், யாரோ தேய்த்திருக்கிறார்கள், ஏன் தேய்த்தார்கள் என்ற யோசனை. சங்கத்துக்கு அவர் காரியதரிசியானதே மறுக்கப் பயந்துதான். "வேண்டாம்னு சொன்னா நீங்கள்ளாம் கோவிச்சுப்பேள்" என்றார். அதன்பின் வருஷா வருஷம் அவரையே தேர்ந்தெடுத்தோம். அவரும் வருஷா வருஷம் மறுக்கப் பயந்தார்.

ஒரு தடவை சங்கத்துக் குடும்பங்களை வண்டி கட்டிச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். பாட்டு, கயிறிழுப்பு, பெண்களுக்கு ஊசியில் நூல் கோக்கும் போட்டி, முடிவில் புளியஞ்சாதமும் தயிர்சாதமும். இத்தனையும் ஏற்பாடு செய்த காரியதரிசி இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய், நிகழ்ச்சிகளுக்கு முதுகைக் காட்டியபடி, சாயங்காலம் முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சுவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஓய், கடல் எங்கேயாவது ஓடிப் போயிடுமா?"

"போனாச் சாரமில்லே, போகட்டும். வந்தாத்தான்" என்றார் சேஷய்யர், திரும்பாமலே.

சாதத்தையும் இலையில் வாங்கி அங்கேயே நின்று தின்றார். அலை கொஞ்சம் பெரிதாக வந்தால் கவளம் பாதி வழியில் நின்றுவிடும்.

அவரும் நானும் ஒரே ஆபீஸில் அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்த்தோம். எங்கள் சூப்பிரண்டு உள்ளறையிலிருந்து மணி அடித்தால் அது சேவகனுக்கான மணி. ஆனால் சேஷய்யர் எழுந்து நின்றுவிடுவார். சேவகன் உள்ளே போய் வெளியே வந்து, "ஒண்ணுமில்லை சாமி, குடிக்க வெள்ளம் வேணுமாம்" என்று சொன்ன பிறகே உட்காருவார். "இவ்வளவு பயந்தா எப்படி அண்ணா?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது: "தைரியசாலிகள் ஊர் நிறைய இருக்கா. பயப்படறதுக்கு ஒருத்தனாவது வேண்டாமா?"

அதை அவருடைய நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு யோகி வந்த வருஷம். அந்த ஆண்டு விழாவுக்கு என்ன வேடிக்கை வைக்கலாம் என்று கமிட்டி தவித்துக்கொண்டிருந்தபோது, ஆரியசாலைக் கடைத்தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பஞ்சு கண்டுபிடித்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெயர் கொம்பையா. மண்ணுக்கடியில் பெட்டிக்குள் படுத்து, மேலே மண்ணை மூடச் சொல்லி, பிறகு உயிரோடு எழுந்து வருவார். நோட்டீஸில் கொம்பையா என்று போட்டால் யார் வருவார்கள்? 'யோகி பூகர்ப்பானந்தர்' என்று போட்டோம்.

"சர்க்கஸ்காரன் புலியைக் காட்டறான். நாம மனுஷனையே புதைக்கறோம். கொள்ளாமா, நன்னாயிருக்கா இல்லையா?" என்றார் பஞ்சு.

"அவர் வெளியிலே வரல்லேன்னா?" என்று கேட்டார் சேஷய்யர்.

"வராம அங்கேயே குடித்தனமா பண்ணுவார்?"

கமிட்டி சிரித்து முடித்தபின் முக்கியமான விஷயத்துக்கு வந்தது. முந்தின வருஷம் மாயாஜாலம் முடிந்தவுடன் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். யாருக்கு நன்றி சொல்லவேண்டுமோ அவர்களைத் தவிர நன்றியுரையைக் கேட்க ஆளில்லை. மறுபடி அப்படி நேரக் கூடாது. ஆகவே யோகியை விழாவின் தொடக்கத்திலேயே புதைத்துவிடுவது, தலைமையுரையும் நன்றியுரையும் முடிந்த பிறகே வெளியே எடுப்பது என்று தீர்மானித்தோம். ஓர் ஆள் பூமிக்கடியில் இருக்கும்வரை ஒரு குழந்தைகூட எழுந்து போகாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்கப் பயந்து சேஷய்யரும் கையைத் தூக்கினார்.

குளத்தங்கரைக் காலிமனையில் பந்தல். மேடைக்கு நேர் எதிரே குழி. ஆரியசாலைக் கடையொன்றில் துணி வந்திறங்கிய மரப்பெட்டி. கொம்பையா எல்லோரையும் கும்பிட்டுவிட்டு முழங்காலை மடக்கிப் படுத்தார். மூடியைப் போட்டு, அதைத் தொடும்படி ஒரு கம்பை நட்டு, சுற்றிலும் மண்ணைத் தள்ளினார்கள். கம்பு மொட்டையாக நின்றால் அழகாயிராது என்று பஞ்சு அதன் நுனியில் காகிதக் கொடி ஒட்டினார்.

கொம்பையாவின் மனைவி ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தாள். சேஷய்யர்தான் காரியதரிசி என்று யாரோ காட்டியிருக்க வேண்டும், அவரிடம் வந்தாள்.

"அந்தத் தென்னை நிழலு இந்தக் கல்லைத் தொட்டதும் அவுகளை எடுத்திரணும் சாமி. நான் கம்பிலே தட்டுவேன். அவுக உள்ளேருந்து தட்டுவாக. கை வச்சிப் பாத்தாத் தெரியும்."

சேஷய்யர் கம்பில் விரலை வைத்துப் பார்த்தார். கீழிருந்து 'டக், டக்' என்று வந்தது. சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார்.

விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்து, அதற்கப்புறம் இன்னொரு கடவுள் வாழ்த்து. முதலாவதைப் பாடிய பெண் வீட்டாருக்கும் இரண்டாவதைப் பாடிய பெண் வீட்டாருக்கும் ஆகாது. பிறகு கோலாட்டம், பரிசளிப்பு, வரவேற்புரை. காரியதரிசி அறிக்கையில் சேஷய்யர் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படித்துவிட்டு இறங்கினார். அவர் கண்ணெல்லாம் செங்கல்லின் மேல் இருந்தது. நிழல் அதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் விழாத் தலைவர் பேச எழுந்தார். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் சூப்பிரண்டுதான்.

பாரதநாட்டு ரிஷிகள் மூச்சை அடக்கிய விதத்தைப் பற்றி அவர் பேசினார். நன்றாகவே பேசினார். மேல்நாட்டார் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் சொன்னபோது நிழல் கல்லைத் தொட்டது. உதாரணங்களுக்கு வந்தபோது கல்லைத் தாண்டிவிட்டது.

கொம்பையாவின் மனைவி எங்களிடம் வந்தாள். "நேரமாச்சி சாமி."

"கொஞ்சம் பொறும்மா, தலைவர் பேசிண்டிருக்கார்" என்றார் பஞ்சு.

ஒரு துண்டுச் சீட்டில் விஷயத்தை எழுதி மேடைக்கு அனுப்பினோம். எங்கள் ஊரில் மேடைக்குச் சீட்டுப் போனால், பேர் விட்டுப்போன யாரையோ புகழச் சொல்லித்தான் போகும். சூப்பிரண்டு அதைப் படிக்காமலே தண்ணீர்த் தம்ளருக்கடியில் வைத்துவிட்டு, "நண்பர்களின் விருப்பத்துக்கிணங்க இன்னும் சற்று விரிவாகச் சொல்கிறேன்" என்றார்.

அவள் திரும்பிப் போய்க் கம்பில் கல்லால் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"அவுக தட்டல சாமி."

"யோக நித்திரையா இருக்கும்" என்றார் பஞ்சு. ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"யோகமாவது? மூச்சு முட்டினாத் தட்டுவாக. இப்பம் ஒண்ணுமே இல்ல சாமி. தோண்டச் சொல்லுங்க!"

சேஷய்யர் போய்க் கம்பைப் பிடித்துப் பார்த்தார். கொடிதான் ஆடியது; கீழிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு, அங்கவஸ்திரம் மண்ணில் புரள, குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார். முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தன. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பேடியா இருக்கு ஓய்."

அவர் அதைச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதை நம்பினேன்.

மண்வெட்டி எங்கே என்று தேடினோம். பந்தலில் அலங்கோலமாகத் தெரியக் கூடாது என்று அதை மேடைக்கடியில், தலைவர் நாற்காலிக்கு நேர் கீழே, துணி மறைவில் வைத்திருந்தோம். எடுக்க வேண்டுமென்றால் தலைவர் நகரவேண்டும். தலைவரை நகரச் சொல்ல யாருக்கு அதிகாரம்? தலைவருக்குத்தான். கமிட்டி அங்கேயே கூடி இதை விவாதித்தது. வாதத்தில் ஓட்டை இல்லை. எங்கள் காலடியில் மண் அசையாமல் கிடந்தது.

விவாதத்தின் நடுவில் சேஷய்யர் மேடையேறுவதைப் பார்த்தோம். ஆபீஸில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு மேஜையோரம் நின்றார். சூப்பிரண்டு பேச்சை நிறுத்தாமல், இரு என்று விரலைக் காட்டினார். ஆபீஸில் அந்த விரலுக்கு மத்தியானம்வரை நிற்கிறவர் இவர்.

"மதி ஸார்" என்றார் சேஷய்யர்.

"என்ன?"

"மதி, போதும். நிறுத்துங்கோ. கீழே ஆள் செத்துண்டிருக்கான்."

சொல்லிவிட்டு மண்டியிட்டு, மேடைத் துணியைத் தூக்கி, சூப்பிரண்டின் காலுக்கடியில் தவழ்ந்து மண்வெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். பந்தல் கைதட்டியது, இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். அவர் குழிக்கு வந்து வெட்டத் தொடங்கியபோது முகத்தைப் பார்த்தார்கள். கைதட்டல் நின்றது. தாய்மார்கள் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அருகில் இழுத்துக்கொண்டார்கள்.

மண்வெட்டி பிடித்து அறியாத கை. பாதி வெட்டு பக்கத்தில் விழுந்தது. பஞ்சு குழிக்குள் குதித்துக் கையாலேயே மண்ணை வாரினார். கோலாட்டப் பரிசுகளை வைத்திருந்த பித்தளைத் தட்டால் நான் வாரினேன். அந்தப் பெண் எதையும் பேசாமல் நாய் பறிப்பதுபோல் பறித்தாள். மூடியைத் தூக்கியபோது கொம்பையா கிடந்த கிடையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

வெளியே இழுத்துப் போட்டோம். மனைவி அவர் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். "எந்திரிங்க! என்னைத் தெருவிலே விட்டுட்டுப் போயிருவீகளா? எந்திரிங்கன்னேன்!" சேஷய்யர் யோகியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, படிக்காமல் விட்ட காரியதரிசி அறிக்கையால் விசிறினார். எங்கள் சங்கத்தின் அறிக்கை ஒன்று ஒருவருக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான். பந்தல் முழுவதும் அந்தக் காகிதச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பிறகு ஓட்டைத் துருத்தியிலிருந்து வருவதுபோல் ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. கொம்பையா கண்ணைத் திறந்ததும் அவருக்கு மேலே தெரிந்தது சேஷய்யரின் முகம். அந்த முகத்தைப் பார்த்தவர் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"பயப்படாதீக சாமி" என்றார் யோகி.

சூப்பிரண்டு மிச்சமிருந்த காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். பஞ்சு மண் கையோடு மாலையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வண்டி மாலையில்லாமலே போயிற்று. சேஷய்யர் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ சுக்குவெள்ளம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்ளரைப் பிடிக்க முடியாமல் அதைக் கொம்பையாவின் மனைவியிடம் நீட்டினார். "நன்னா ஆறட்டும், சூடா இருக்கப்போறது" என்று அவளையும் எச்சரித்தார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் பயத்தில் கொஞ்சம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் பேச்சு நன்றாக இருக்கிறது என்று தோன்றத் தொடங்கியதும் எனக்கு உள்ளே ஒரு நடுக்கம் எடுக்கிறது. இந்த நேரத்தில் யாருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று சுற்றுமுற்றும் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள், பேச்சைக் கவனியும் ஓய், என்கிறார்கள்.

யோகி வந்த அந்த விழாவின் மறுவாரம், சேஷய்யரைத் தேவிகுளத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. மலைக்காய்ச்சல் ஊர் என்பதால் மனைவியையும் பெண்ணையும் இங்கேயே விட்டுவிட்டு, பென்ஷன் ஆகும்வரை அங்கே தனியாக இருந்தார்.